மதிமுகமும் மருத்துவமும்

தமிழ்க் கவிதை பெண்ணின் முகத்தைப் பாடி அலுத்ததில்லை. நுதலைப் பிறை என்றது. முகத்தை முழுமதி என்றது. புருவத்தை வில் என்றது. இதழைப் பவளம் என்றது. முடி முதல் அடி வரையும், அடி முதல் முடி வரையும் வரிசை பிறழாமல் வருணிக்கும் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் மரபுகளே நம்மிடம் உண்டு. இத்தனை நெருக்கமாக நோக்கிய புலவர் கண்ணுக்கு ஒன்று மட்டும் தென்படவில்லை. வயது வந்த பெண்கள் பலருடைய மேலுதட்டிலும் மோவாயிலும் கறுத்துத் தடித்து முளைக்கும் முடியே அது.

பாடப்படாதது இல்லாதது ஆகிவிடாது. அம்முடியை மறைக்கவும் களையவும் பெண்கள் பட்ட பாடு மருத்துவ வரலாற்றில் நீண்டதொரு பகுதியாகும். அதில் அறிவியலின் வெற்றியும் உண்டு; வணிகத்தின் கொடுமையும் உண்டு; உயிரிழப்பும் உண்டு. கவிஞர்களும் கவிதை அன்பர்களும் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அழகு எது, குறை எது என்று ஒரு சமுதாயத்துக்குக் கற்பிப்பதில் கவிதைக்குப் பங்குண்டு. ஆகவே அக்கற்பிதத்துக்குப் பெண்கள் கொடுத்த விலை இன்னதென அறியும் கடமையும் கவிஞர்க்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல்லும் பொருளும்

முதற்கண் நம் சொற்களை நோக்குவோம். சங்கப் பாடல்களில் வரும் சுணங்கு, தித்தி என்னும் சொற்கள் இளமகளிர் மேனியில் தோன்றும் புள்ளிகளைக் குறிப்பன. வேங்கைப் பூவின் பொன்னிறத்தோடு புலவர்கள் அவற்றை ஒப்பிட்டு மகிழ்ந்தனர். உரைகாரர்கள் அதற்குத் தேமல் என்று பொருள் எழுதினர். இன்றோ தேமல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஒருவகைப் பூஞ்சையால் உண்டாகும் தோல் நோய். மருந்துக் கடையில் அதற்குக் களிம்பு கேட்கிறோம். அன்றைய சுணங்கும் இன்றைய தேமலும் ஒன்றே என்பது என் வாதமன்று. தோலில் தோன்றும் புள்ளி ஒரு காலத்தில் அழகின் பட்டியலிலும் பிறிதொரு காலத்தில் நோயின் பட்டியலிலும் இடம்பெறக்கூடும் என்பதே இங்குக் கருதத்தக்கது.

பசலையும் அத்தகையதே. பிரிவால் மேனியில் பரவும் நிறமாற்றத்துக்கென வள்ளுவர் பசப்புறு பருவரல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அதற்கு மருந்து தலைவன் வரவேயன்றிப் பூச்சன்று. தோலின் மாற்றத்தை மனத்தின் செய்தியாகப் படித்த மரபு அது. அவரே நலம் புனைந்துரைத்தல் என்னும் அதிகாரத்தில், நிலவுக்குள்ள கறை காதலியின் முகத்துக்கு இல்லை என்னும் கருத்தையும் அமைத்தார். காதலன் ஒருவன் தன் காதலியை வியந்து கூறியது அது. பின்வந்தோர் கையில் அந்த வியப்பு விதியாயிற்று. மறுவற்ற முகம் என்பது பாராட்டாக இருந்த நிலை மாறி, பெண் பார்க்க வருவோரின் எதிர்பார்ப்பாக ஆயிற்று.

மயிர் என்னும் சொல்லின் வரலாறும் எண்ணத்தக்கது. மானம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அச்சொல்லைக் கூச்சமின்றி ஆண்டார். பெண்ணின் கூந்தலை ஐந்து வகையாக முடிக்கும் வழக்கத்தால் அதனை ஐம்பால் என்றனர் பழம்புலவர். இன்று மயிர் வசைச்சொல்லாகத் தாழ்ந்து, முடி என்றும் உரோமம் என்றும் சொல்லித் தப்பித்துக் கொள்கிறோம். முகத்தில் உள்ள மெல்லிய முடிக்குப் பூனைமுடி என்னும் அழகான பெயர் வழக்கில் உண்டு. அதுவே தடித்துக் கறுத்தால் பெண்ணுக்கென ஒரு சொல் இல்லை. ஆணுக்குரிய மீசை என்னும் சொல்லையே எடுத்துக் கேலியாக எறிகிறோம். சொல் இல்லாத துன்பத்தை மருத்துவரிடம் எடுத்துரைப்பது எளிதன்று. கல்லூரியில் எத்தனையோ மாணவியர் கைக்குட்டையால் வாயை மறைத்தபடியே பாடம் கேட்டதை நான் கண்டிருக்கிறேன். தடுமன் என்பார்கள், தலைவலி என்பார்கள், உண்மையைச் சொல்லச் சொல் வராது.

திருமணச் சந்தையின் பார்வை இன்று நேற்று தோன்றியதன்று. மனுதருமத்தின் மூன்றாம் அத்தியாயம், மணக்கத் தகாத பெண்களை வரிசைப்படுத்தும்போது, உடலில் உரோமமே இல்லாதவளையும் மிகுந்த உரோமம் உடையவளையும் அப்பட்டியலில் சேர்க்கிறது. முடி கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். அளவுகோலைப் பிடித்திருந்த கை பெண்ணின் கையன்று.

மஞ்சளும் நலங்கு மாவும்

மேனி பேணும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஊடலோடிருந்த கோவலன் மகிழ மாதவி தன்னை அணி செய்துகொள்கிறாள். பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் நீராடியதாக இளங்கோவடிகள் கூறுகிறார். எண்ணிக்கையோடு சொல்லப்படும் அப்பொருள்கள் அக்கலையின் வளர்ச்சியைக் காட்டுகின்றன.

வீட்டுப் பெண்கள் அறிந்த கலையோ எளிமையானது. பச்சைப்பயறு, கத்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, உலர்ந்த ரோசா இதழ் ஆகியவற்றை வெயிலில் காயவைத்து அரைத்த நலங்கு மாவு பல வீடுகளில் இன்றும் உண்டு. மங்கு படர்ந்த கன்னத்துக்குச் சாதிக்காயை இழைத்துத் தடவுவர். நாள்தோறும் மஞ்சள் பூசினால் முகத்தில் முடி முளைக்காது என்பது பாட்டிமார் வாக்கு. மாவைத் தேய்ப்பதால் மெல்லிய பூனைமுடி ஓரளவு உதிரலாம். ஆயின் சுரப்புநீர்களின் ஏவலால் தடித்து வளரும் முடியை மஞ்சள் நிறுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

அம்முறையின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அது பெரும்பாலும் தீங்கற்றது. தாயின் கையால் மகளுக்குச் செய்யப்பட்டது. கடனுக்குப் பணம் வாங்க வைக்காதது. அதன் இழுக்கையும் சொல்லியாக வேண்டும். மஞ்சள் தோலுக்குரியதாக மட்டும் இருக்கவில்லை. கணவன் உயிரோடிருப்பதன் அடையாளமாகவும் இருந்தது. கணவனை இழந்தவுடன் பெண்ணின் கையிலிருந்து மஞ்சள் பறிக்கப்பட்டது. அவள் தோல் என்ன ஆனாலும் கேட்பாரில்லை. ஆகவே பழைமை முழுவதும் பொற்காலம் என்று பாடிவிடவும் முடியாது.

காட்சிப் பொருளான முகங்கள்

மேலை நாட்டு வரலாறு இன்னும் கொடிது. 1631ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரில் ஹோசே டி ரிபேரா என்னும் ஓவியர் ஒரு பெண்ணை வரைந்தார். மக்தலேனா வெஞ்சுரா என்பது அவள் பெயர். வயது ஐம்பத்திரண்டு. நெஞ்சுவரை நீண்ட கருந்தாடி. மார்பில் ஒரு குழந்தை. பின்னால் நிழலில் கணவன். முப்பத்தேழாம் வயதில் அவளுக்குத் தாடி வளரத் தொடங்கியதாக அவ்வோவியத்தில் பொறித்த கல்வெட்டு கூறுகிறது. அரசப் பிரதிநிதி ஒருவர் விந்தையைக் காண விரும்பியமையால் தோன்றிய ஓவியம் அது. ஆயினும் ரிபேராவின் தூரிகை அவளை எள்ளவில்லை. களைத்த கண்களோடு நேரே நம்மை நோக்கும் ஒரு தாயையே நாம் அங்குக் காண்கிறோம்.

அத்தகைய கண்ணியம் கூட ஹூலியா பாஸ்த்ரானாவுக்கு வாய்க்கவில்லை. 1834இல் மெக்சிகோவில் பிறந்த அவருக்கு முகமும் உடலும் அடர்ந்த முடியால் மூடப்பட்டிருந்தன. அவர் இனிமையாகப் பாடுவார், நயமாக ஆடுவார். ஆயினும் பாதி மனிதர், பாதி விலங்கு என்று விளம்பரம் செய்தே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவரைக் காட்டிக் காசு சேர்த்தனர். அவரை மணந்தவரும் அக்காட்சியின் முதலாளியே. 1860இல் மாஸ்கோவில் மகப்பேற்றை அடுத்து ஹூலியா இறந்தார். பிறந்த குழந்தையும் இறந்தது. கணவர் இருவர் உடலையும் பதப்படுத்தி மீண்டும் காட்சிக்கு வைத்தார். நூறாண்டுக்கு மேல் ஊர் ஊராக அலைந்த அவ்வுடல் இறுதியில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிடந்தது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில்தான் மெக்சிகோ மண்ணில் வெண்மலர்களுக்கிடையே அடக்கம் செய்யப்பட்டது. முகத்து முடியின் பொருட்டு ஒரு பெண் அடக்கத்துக்குக் காத்திருந்த காலம் 153 ஆண்டுகள்.

மின்னூசியின் வருகை

இவ்வாறு ஒருபுறம் காட்சி நடக்க, மறுபுறம் சிகிச்சை தோன்றியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிச்செல் என்பவர் 1875இல் ஒரு புதுமுறையை வெளியிட்டார். சிலருக்கு இமைமயிர் உட்புறம் திரும்பி வளர்ந்து கண்ணை உறுத்தும். அந்த மயிர்க்காலுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினால் வேர் அழிந்து முடி திரும்ப முளைக்காது என்று அவர் காட்டினார். கண்ணைக் காக்கத் தோன்றிய அம்முறை சில ஆண்டுகளிலேயே தோல் மருத்துவர் கையில் பெண்களின் முகத்துக்கு வந்து சேர்ந்தது. 1924இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஆன்ரி போர்தியே உயர் அதிர்வு மின்சாரத்தின் வெப்பத்தைப் பயன்படுத்தி வேலையை விரைவுபடுத்தினார்.

முடியை நிலையாக நீக்கும் முறைகளுள் காலத்தின் சோதனையில் தேறியது இதுவே. ஆனால் ஒவ்வொரு மயிர்க்காலாக ஊசி நுழைய வேண்டும். வலி உண்டு, செலவு உண்டு, மாதங்கள் ஆண்டுகளாக நீளும். பொறுமையின்மை என்று பெண்களைக் குறை கூறுவதற்கில்லை. வலியில்லாத விரைவான வழி ஒன்று உண்டென விளம்பரம் வந்தபோது அவர்கள் அதனை நம்பினர்.

கண்ணுக்குத் தெரியாத கதிர்

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் டேனியல் என்பவர் தம் உடன்பணியாளர் ஒருவரின் தலையை அக்கதிரால் படமெடுக்க முயன்றார். படம் தேறவில்லை, ஆனால் இருபத்தோரு நாள் கழித்துக் கதிர்பட்ட இடத்தில் முடி உதிர்ந்தது. அதே 1896இல் வியன்னாவில் லியோபோல்ட் பிராய்ண்ட் என்னும் மருத்துவர், முதுகில் முடியடர்ந்த பெரிய மச்சமுடைய ஒரு சிறுமிக்கு அக்கதிரைப் பாய்ச்சினார். முடி உதிர்ந்தது, பின்னர் அவ்விடம் புண்ணாயிற்று. எச்சரிக்கை அன்றே கிடைத்துவிட்டது. முடி உதிர்ந்ததையே உலகம் கண்டது, புண்ணைக் காணவில்லை.

1920களில் நியூயார்க் மருத்துவர் ஆல்பர்ட் கெய்சர் என்பவர் ட்ரைக்கோ என்னும் பெயரில் ஒரு கருவியை அமைத்தார். மருத்துவமனைகளுக்கு அன்றி அழகு நிலையங்களுக்கே அது சென்றது. பெண்மணி மரப்பெட்டியின் முன் அமர்ந்து, அதன் திறப்பில் கன்னத்தையோ மோவாயையோ வைத்துச் சில நிமிடங்கள் இருந்தால் போதும். வலி இல்லை, மணம் இல்லை, தழும்பு இல்லை. இயக்கியவர்களோ மருத்துவம் பயிலாத பணியாளர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் பல வாரங்கள் தொடர்ந்து அக்கதிர் முன் அமர்ந்தனர்.

முதலில் முடி உதிர்ந்தது உண்மை. பின்னர்த் தோல் சுருங்கிற்று. திட்டுத் திட்டாக நிறம் மாறிற்று. ஆறாப் புண் தோன்றிற்று. சிலருக்கு ஆண்டுகள் பல கழிந்தபின் முகத்தில் புற்றுநோய் வந்தது, உயிரையும் கொண்டுபோயிற்று. 1929இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. 1930இல் நிறுவனம் நொடித்தது. அதன் பிறகும் மறைவான நிலையங்களில் இத்தொழில் பல ஆண்டுகள் நடந்தது. இக்கொடுமைக்கு ஆளானோரைப் பிற்கால ஆய்வாளர்கள் வட அமெரிக்காவின் ஹிரோஷிமா கன்னியர் என்று குறித்தனர். ஹிரோஷிமாவில் பகைவர் வீசிய குண்டு எரித்தது. இங்கோ பெண்கள் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். அவ்வரிசையில் அவர்களை நிறுத்தியது அறியாமை மட்டுமன்று. மறுவற்ற முகமே பெண்முகம் என்னும் கட்டளையுமாகும்.

களிம்பில் கலந்த நஞ்சு

அதே காலத்தில் கொரெம்லு என்னும் களிம்பு நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தது. இரவில் பூசிப் படுத்தால் முடி ஒழியும் என்றனர். அதில் கலந்திருந்தது தாலியம் அசிடேட். எலியைக் கொல்லப் பயன்படும் தாலியத்தின் உப்பு. தோல் வழியே உடலுள் ஊடுருவிய நஞ்சு நரம்புகளைத் தாக்கியது. கால்கள் எரிந்தன, சிலருக்கு நடை முடங்கியது, சிலருக்குப் பார்வை மங்கியது. மேலுதட்டு முடி போகவேண்டும் என்று பூசியவர்க்குத் தலைமுடியே கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வழக்குகள் குவிந்தன, 1932இல் நிறுவனம் திவாலாயிற்று, இழப்பீடு பெறப் பெட்டகத்தில் பணமில்லை.

அன்றிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரமே இல்லை. உணவு மருந்து நிர்வாகத்தினர் 1933இல் இத்தகைய பொருள்களையும் அவற்றால் சிதைந்த முகங்களின் படங்களையும் கண்காட்சியாக வைத்தனர். செய்தியாளர்கள் அதனைக் கொடுமைக் கூடம் என்றழைத்தனர். பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன. 1938இல் அமெரிக்காவில் அழகுப் பொருள்களும் சட்டத்தின் கீழ் வந்தன. இந்தியாவில் 1940இல் இயற்றப்பட்ட மருந்துச் சட்டம் பின்னர் அழகுப் பொருள்களையும் தன்னுள் அடக்கிற்று. இன்று நாம் வாங்கும் களிம்புக் குழாயின் மீது அச்சிட்டிருக்கும் மூலப்பொருள் பட்டியலுக்குப் பின்னால் அப்பெண்களின் இழப்பும் இருக்கிறது.

சூலகம் சொன்ன செய்தி

முகத்தில் முளைப்பது முகத்தின் கோளாறு அன்று என்பதை மருத்துவம் மெல்ல உணர்ந்தது. 1721இல் இத்தாலியர் வாலிஸ்னெரி, குழந்தைப் பேறில்லாத ஓர் உழவர்குலப் பெண்ணின் சூலகங்கள் புறாமுட்டை அளவில் வெண்மையாகப் பளபளத்ததைக் குறித்து வைத்தார். 1921இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் அஷாரும் தியேரும் முகத்துத் தாடிக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவை எழுதினர். 1935இல் சிகாகோவின் ஸ்டெயினும் லெவன்தாலும் ஏழு பெண்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். மாதவிலக்கு ஒழுங்கின்மை, பருத்துக் கட்டிகள் நிறைந்த சூலகம், சிலரிடம் முகத்து முடி ஆகியவற்றை ஒருங்கே அவர்கள் கண்டனர். சூலகத்தின் ஒரு பகுதியை அறுத்து நீக்கியபின் எழுவருக்கும் மாதவிலக்கு சீரடைந்தது, இருவர் கருவுற்றனர். இன்று பலபைச் சூலக நோய்க்குறி என்றும், பி.சி.ஓ.எஸ். என்றும் வழங்குவது இதுவே. மகப்பேற்று வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது உண்டென உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் மதிப்பிட்டது.

பெண்ணுடலிலும் ஆண்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் சிறிதளவு இயல்பாகவே உண்டு. அதன் அளவு கூடினாலோ, மயிர்க்கால்கள் அதற்கு மிகுதியாக இணங்கினாலோ, பூனைமுடி தடித்த முடியாக மாறுகிறது. முகப்பரு முப்பது வயதிலும் விடாமல் வருவதற்கும், உச்சந்தலையில் முடி மெலிவதற்கும் அதுவே காரணமாகலாம். 1961இல் இலண்டனில் பெரிமனும் கால்வேயும் 430 பெண்களை ஆராய்ந்து, உடலின் பகுதிதோறும் முடிக்கு மதிப்பெண் வழங்கும் முறையை வகுத்தனர். சிறிது திருத்தத்தோடு இன்றும் அது வழக்கில் உண்டு. இனத்துக்கு இனம் முடியின் இயல்பு வேறுபடுவதால் ஒரே அளவுகோல் எல்லார்க்கும் பொருந்தாது என்பதும் இப்போது ஏற்கப்பட்டுள்ளது. மனுவின் பட்டியலுக்கும் இவர்கள் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முன்னது விலக்குவதற்கு எண்ணியது, பின்னது உதவுவதற்கு எண்ணியது.

இங்கு ஒரு நெடுநாள் மூடநம்பிக்கையையும் குறிக்கலாம். மழித்தால் முடி தடித்து வளரும் என்று நம் வீடுகளில் இன்றும் அச்சுறுத்துகிறார்கள். மில்ட்ரட் டிராட்டர் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் மழித்தலால் முடி தடிப்பதோ விரைந்து வளர்வதோ இல்லை என்று 1928இலேயே எழுதிவிட்டார். மழித்த முடியின் நுனி மழுங்கியிருப்பதால் தொடுகையில் சொரசொரப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

ஒரு மருந்தின் இரு பயணங்கள்

எஃப்லார்னிதின் என்னும் மருந்தின் கதை நம் சிந்தனைக்குரியது. ஆப்பிரிக்காவில் ஒருவகை ஈ கடிப்பதால் பரவும் உறக்க நோய் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கும். 1990இல் அதற்கு மருந்தாக எஃப்லார்னிதின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சாகக் கிடந்தோர் எழுந்ததால் அதனை உயிர்த்தெழச் செய்யும் மருந்து என்றே மக்கள் அழைத்தனர். ஆயினும் நோயாளிகள் ஏழைகள், இலாபம் இல்லை, 1990களின் நடுவில் உற்பத்தி நின்றது. பின்னர் அதே மருந்தைக் களிம்பாக்கிப் பூசினால் பெண்களின் முகத்து முடி வளர்ச்சி தணியும் என்று கண்டனர். 2000ஆம் ஆண்டில் அக்களிம்பு ஒப்புதல் பெற்றுப் பணக்கார நாடுகளில் விற்பனைக்கு வந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் வற்புறுத்தியதன் பயனாக 2001இல் உறக்க நோய்க்கும் அம்மருந்தை மீண்டும் வழங்க நிறுவனம் உடன்பட்டது.

இதனைக் கேட்டுப் பெண்களின் ஆசையைப் பழிப்பது எளிது. ஒருத்தி தன் முகத்து முடிக்கு மருந்து தேடியது பிழையன்று. உயிருக்கு இல்லாத விலை முகத்துக்கு வைக்கப்பட்ட சந்தையே பழிக்குரியது.

ஒளியும் கருநிறமும்

1983இல் பாஸ்டனைச் சேர்ந்த ஆண்டர்சனும் பாரிஷும், குறித்த அலைநீளமுடைய ஒளியைக் கொண்டு தோலில் குறித்த இலக்கை மட்டும் சூடேற்றி அழிக்கலாம் என்று விளக்கினர். 1990களின் நடுவில் அக்கொள்கை முடி நீக்கும் லேசராக வடிவெடுத்தது. முடியிலுள்ள கருநிறமே லேசருக்கு இலக்கு. வெண்தோலும் கருமுடியும் உடையவர்க்கு இது எளிதாயிற்று. நம்மைப் போன்ற கருந்தோலினர்க்கோ தோலிலும் அதே நிறம் இருப்பதால் தொடக்கக் காலக் கருவிகள் தீப்புண்ணையும் தழும்பையும் தந்தன. 1,064 நானோமீட்டர் அலைநீளமுடைய கருவி ஆழமாகச் சென்று மேல்தோலை ஓரளவு விட்டுவைப்பதால் கருந்தோலுக்கு அதனையே பரிந்துரைக்கின்றனர். சிலருக்கு லேசருக்குப்பின் முடி கூடுவதும் உண்டு. கருநிறத் தோலும் சுரப்புக் கோளாறும் உடையவர்களிடம் அது மிகுதியாகப் பதிவாகியுள்ளது. கருவி ஒன்று யாருடைய தோலை எண்ணிச் செய்யப்பட்டது என்று கேட்பது அரசியல் மட்டுமன்று, மருத்துவமும் ஆகும்.

கன்னத்தில் படரும் மங்கின் கதையும் இதனோடு சேர்ந்ததே. வெயில், கருப்பம், கருத்தடை மாத்திரை ஆகியவை அதனைத் தூண்டுவன. 1975இல் கிளிக்மனும் வில்லிசும் மூன்று மருந்துகளைக் கலந்த ஒரு களிம்பை அறிமுகம் செய்தனர். அதில் ஒன்று ஸ்டீராய்டு. மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் பூசவேண்டிய இவ்வகைக் களிம்பை நம் பெண்கள் கடையில் கேட்டு வாங்கிச் சிவப்பழகுக் களிம்பாக ஆண்டுக்கணக்கில் பூசினர். தோல் மெலிந்தது, பரு பெருகியது, முகத்தில் முடியும் வளர்ந்தது. 2018இல்தான் பதினான்கு வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று நடுவண் அரசு ஆணையிட்டது. அதே 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த பேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறிற்று, நிறத்தின்மீது நாம் கொண்ட எண்ணம் மாறிற்றா என்பதே கேள்வி. ஸ்டிக்கர் பொட்டின் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் நெற்றியில் வெண்தழும்பை உண்டாக்குவதையும் நம் தோல் மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டு வருகின்றனர். மங்கலச் சின்னமாயினும் தோல் அறிவது வேதியியலையே.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன இரண்டு. முதலாவது நடைமுறை சார்ந்தது. மாதவிலக்கு ஒழுங்கின்றி இருந்து முகத்தில் முடியும் பருவும் மிகுந்தால் அது அழகு நிலையத்தோடு முடிகிற செய்தியன்று. மருத்துவரிடம் செல்ல வேண்டும். சில மாதங்களுக்குள் திடீரென முடி பெருகிக் குரலும் தடித்தால் காலந்தாழ்த்தல் ஆகாது. சுரப்புநீரின் ஆற்றலைத் தணிக்கும் மாத்திரைகள் இன்று உண்டு. அவற்றுள் சில கருவுற்ற காலத்தில் கூடாதவை. பயன்தெரிய ஆறு மாதங்களுக்கு மேலும் ஆகலாம். விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம். நோயை அறிவது கடமை. முடியை நீக்குவது அவரவர் உரிமை.

இரண்டாவது நம்மைச் சார்ந்தது. தமிழில் தன் உருவை அழகென்று பாடாத ஒரு பெண்கவி இருந்தார். காரைக்காலம்மையார் தசைநீங்கிய பேயுருவை இறைவனிடம் வேண்டிப் பெற்றார் என்பது மரபு. வற்றிய மேனியும் குழிந்த கண்ணும் கொண்ட பெண்பேயைத் தம் பதிகத்தில் அவர் பாடியபோது பெண்முகத்துக்கு மதியன்றி வேறு உவமையும் உண்டு என்பதைத் தமிழ் அறிந்தது. பெண்கள் எல்லாரும் பேயுருவை வேண்டத் தேவையில்லை. மதியுமின்றிப் பேயுமின்றி இடையிலுள்ள மனித முகம் நம் கவிதைக்குள் வரவேண்டும் என்பதே என் விருப்பம். பருவுள்ள முகம், மங்கு படர்ந்த முகம், மோவாயில் இரண்டு முடி நிற்கும் முகம் ஆகியவையும் காதலிக்கப்பட்ட முகங்களே. பிள்ளைகள் பார்த்து வளர்ந்த முகங்களே.

மீசை என்னும் கேலியை விடுத்து, முகமுடி என்று கூச்சமின்றிச் சொல்லும் ஓர் எளிய வழக்கைக் கவிஞர்கள் தொடங்கி வைக்கலாம். கைக்குட்டையின் பின்னால் ஒளியும் மாணவி ஒருத்தி அச்சொல்லைக் கொண்டு மருத்துவரிடம் தன் குறையை எடுத்துரைப்பாளாயின், பாட்டின் பயன் அதனினும் பெரிது வேறொன்று இருக்க முடியாது.